அந்தோணியார் மேல் விழுந்த பழி

அந்தக் கோவிலில் நடுப்பீடத்தை விட்டுவிட்டால், இரண்டு பக்கச் சுவர்களிலும் ஐந்தைந்து புனிதர்கள் வரிசையாக நின்றார்கள். யாருக்கு என்ன பொறுப்பு என்பதைக் கோவில்பிள்ளையிடம் கேட்டால் போதும். மணி அடிப்பது, பூசைக்கு உடுப்பு எடுத்து வைப்பது, வாசலில் மெழுகுவர்த்தி விற்பது எல்லாம் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் போல, வருகிறவர் முகத்தைப் பார்த்தே வழி சொல்லி அனுப்புவார். பல்வலி என்றால் அப்போலோனியம்மாள், வலப்பக்கம் மூன்றாவது. தொண்டை என்றால் பிளாசியார். கண் மங்கினால் லூசியம்மாள். கையில் ஒரு தட்டும் தட்டில் இரண்டு கண்களுமாக நிற்பார், தவறவிடவே முடியாது. ஒருமுறை பல்லும் கண்ணும் சேர்ந்து வலிக்கிறது என்று வந்த ஒரு பெரியவரை, "முதல்ல பல்லைப் பாத்துட்டு, வர்ற வழியில கண்ணைப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவைத்தார்.

சின்னவனின் அம்மா அவரிடம் வழி கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை மாலையானால் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நேரே இடப்பக்கம் இரண்டாவது பீடத்துக்குப் போவாள். அது அந்தோணியார் பீடம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். சாவி, மோதிரம், ஓடிப்போன பூனை என்று ஆளுக்கொரு குறையோடு அங்கே நிற்பார்கள். அம்மா தன் மூத்த மகனைக் கேட்டு நின்றாள்.

அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடுவாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு சரி. புருஷன் சின்ன வயதிலேயே கண்ணை மூடிவிட, துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு இருவரையும் வளர்த்தாள். பெரியவன் படிப்பில் சூரன். பதினேழு வயதில் பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சேர்ந்தான். அன்றைக்கே அம்மா மனதுக்குள் சாமியாரின் அம்மா ஆகிவிட்டாள். அவனுடைய முதல் பூசைக்கென்று வெள்ளை அங்கி ஒன்றைத் தானே தைத்து, மெல்லிய தாளில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். வருஷத்துக்கொரு தடவை எடுத்து உதறி, இஸ்திரி போட்டுத் திரும்ப வைப்பாள்.

சின்னவன் சாமியாரின் தம்பி. அவனைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. பேருந்து முனையத்தில் வேலை கிடைத்ததை ஓடிவந்து சொன்னபோது அம்மா, "பெரியவனுக்கு எழுதிப் போடு, சந்தோஷப்படுவான்" என்றாள். அவள் சந்தோஷப்பட்டாளா என்பதை அவன் கேட்கவில்லை.

குருப்பட்டத்துக்கு ஒரு வருஷம் இருக்கும்போது பெரியவன் ஒரு நடுப்பகலில் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றான். தனக்கு அந்த அழைப்பு இல்லை என்றும், வெகுநாள் யோசித்துத்தான் முடிவெடுத்ததாகவும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும் நின்ற வாக்கிலேயே சொன்னான். அம்மா அப்போது வீட்டிலும் ஒரு விரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விரிப்பின் கடைசி ஓரம் வரைக்கும் தேய்த்து முடித்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்றாள்.

பெரியவன் பெட்டியை எடுத்துக்கொண்டான். சின்னவன் மூன்று மாடியும் அவன் பின்னாலேயே இறங்கித் தெரு வரைக்கும் போனான். "அம்மாவைப் பாத்துக்கோ" என்று மட்டும் அண்ணன் சொன்னான். அதைச் சின்னவன் ஒரு குறையுமில்லாமல் செய்தான்.

இரண்டு வருஷம் அம்மா பெரியவன் பேச்சையே எடுக்கவில்லை. மேல்தட்டில் இருந்த அங்கி எங்கே போனதென்றும் தெரியவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை விட்டு வந்தவனிடம் கோவிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அந்தோணியார் முன்னால் மெழுகுவர்த்தியைக் கொளுத்தும்போது, "நானாத் தொலைச்சதுதான். தொலைச்சவதான் தேடணும்" என்றாள். குருமடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். அவர்களுக்கும் அவன் விலாசம் தெரியவில்லை. கல்யாணம் ஆனது, வேறு ஊருக்குப் போனது, அவ்வளவுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எல்லாச் செவ்வாய்க்கிழமையும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்வந்தாள்.

சின்னவனுக்குப் பேருந்து முனையத்தில் காணாமல் போன பொருள்கள் பிரிவில் வேலை. ஒரு நீள மேசை, பின்னால் கூரை வரைக்கும் அடுக்குத்தட்டுகள். பேருந்துகளில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போவதையெல்லாம் சீட்டுக் கட்டி, தேதி எழுதி, தட்டில் வைக்க வேண்டும். குடைகள்தான் பாதி. மீதிப் பாதியில் பல்செட், கல்யாண ஆல்பம், ஒற்றைச் செருப்பு என்று நம்ப முடியாததெல்லாம் இருக்கும். கேட்டு வருகிறவர்களிடம் அவன் காட்டிய பொறுமையைப் பார்த்துவிட்டு, பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவர் அவனுக்கு அந்தோணியார் என்றே பேர் வைத்துவிட்டார். அது ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ விட்டுப்போன ஊன்றுகோல் ஒன்றுக்கு அவன் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ஊன்றுகோல் இல்லாமல் அந்த ஆள் எப்படி இறங்கிப் போனார் என்று பரிசோதகர் கேட்க, "வண்டிக்குள்ள அற்புதம் நடந்திருக்கும்" என்று இவன் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தான்.

"சின்னவனா?" என்றது குரல்.

மூன்று வருஷம் கழித்தும் அண்ணன் குரலை அடையாளம் தெரிந்தது. விசாரித்து விசாரித்து இந்த எண்ணைப் பிடித்ததாகச் சொன்னான். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஊரில் இருப்பதாகவும், அங்கே குழாய் வேலை கற்றுக்கொண்டு செய்வதாகவும் சொன்னான். விலாசம் சொன்னான், சின்னவன் அதை ஊன்றுகோலுக்கு எடுத்த சீட்டிலேயே எழுதிக்கொண்டான். கடைசியில் அண்ணன் குரலைத் தாழ்த்தி, தான் வந்தால் அம்மா உள்ளே விடுவாளா என்று கேட்டான்.

சின்னவன் என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்கவே இல்லை. வாய் தானாகவே சொன்னது.

"இப்ப வேண்டாண்ணா. உன் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குப் படபடப்பு வந்துடுது. கொஞ்சம் ஆறட்டும். நேரம் பாத்து நானே சொல்றேன்."

"சரிடா. நீ சொன்னாச் சரி" என்று அண்ணன் வைத்துவிட்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அம்மா மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மகனைக் காட்டு என்று உதடு அசையக் கேட்டாள். அவனுடைய விலாசம் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சின்னவன் பக்கத்தில் நின்றான்.

பொறாமை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவனே பிற்பாடு அப்படித்தான் சொன்னான். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் அம்மா அவனுக்காக ஜன்னலில் நின்று காத்திருக்கத் தொடங்கியிருந்தாள். பல்செட்டைத் தேடி வந்தவர் கதையை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். சட்டையில் பொத்தான் அறுந்தால் அவன் சொல்வதற்கு முன்னால் அவள் கண்ணில் பட்டது. இருபத்தேழு வயதில் அவனுக்கு ஓர் அம்மா கிடைத்திருந்தாள். பெரியவன் வாசலில் வந்து நின்றால் அந்த நிமிஷமே தான் மறுபடியும் சாமியாரின் தம்பியாகிவிடுவோம், சாமியாரே இல்லாமல் போனாலும், என்று பயந்தான்.

அன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். நாளைக்கும் அப்படியே நினைத்தான். ஒரு மாதம் மறைத்ததைச் சொல்வதற்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். ஒரு வருஷம் ஆனபிறகு என்ன சாக்குச் சொல்வது?

அண்ணன் அலுவலக விலாசத்துக்குக் கடிதம் போட்டான். ஒன்றில் பிறந்து நாற்பது நாளான பெண்குழந்தையின் படம் இருந்தது. பின்பக்கம் "அம்மாவிடம் காட்டு" என்று எழுதியிருந்தான். சின்னவன் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். இன்னும் நேரம் வரவில்லை என்று இரண்டு வரி பதில் எழுதினான். இப்படி நான்கு கடிதம் வந்தது. ஐந்தாவதில், இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன், அம்மா மனசு மாறினால் மட்டும் எழுது என்று இருந்தது. அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை.

அந்த வருஷம்தான் அம்மா முதல்முறையாகப் பீடம் மாறினாள்.

அந்தோணியாருக்கு வேலை அதிகமாகிவிட்டது, தன்னை மறந்துவிட்டார் என்று கோவில்பிள்ளையிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம். "சாவியைத் தேடிக் குடுக்கிறாரு, என் பிள்ளையைக் கேட்டா மட்டும் காது கேக்கல அவருக்கு" என்று சொன்னாள். கோவில்பிள்ளை சமாதானமாக அவளை வலப்பக்கம் மோனிக்கம்மாளிடம் அனுப்பினார். தறிகெட்டுப் போன மகனுக்காகப் பதினேழு வருஷம் அழுது, கடைசியில் அவன் திருந்திப் புனிதனாகிற வழிக்கு வந்ததைப் பார்த்த தாய். பிள்ளைகளுக்காக அழுகிற அம்மாக்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். தனக்கு ஆறு வருஷம்தான் ஆகிறது, இன்னும் பதினொன்று இருக்கிறது, அவ்வளவு காலம் தாங்குமா இந்த உடம்பு என்று வீட்டுக்கு வரும் வழியில் சின்னவனைக் கேட்டாள். அவன் வேகமாக நடந்தான். அவள் மெதுவாகப் போகச் சொன்னாள்.

இதற்குள் அவனுக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பேச்சு நிச்சயம் வரைக்கும் வந்தது. அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தான். மறைக்காமல் இருந்தால் முதலில் இதைச் சொல்ல வேண்டிவரும். ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்தான். அம்மா தன்னால்தான் பிள்ளை கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று நினைத்து அதற்கும் அழுதாள்.

எட்டாவது வருஷம் அம்மாவுக்கு நெஞ்சில் நோவு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த முதல் செவ்வாய்க்கிழமை, மோனிக்கம்மாளையும் தாண்டி, கடைசிப் பீடத்துக்குப் போய் நின்றாள். நெற்றிக்கு மேல் சின்னத் தீச்சுடரோடு நிற்கிற யூதா ததேயு அவர். துரோகம் செய்த யூதாசோடு பேர் ஒத்துப்போனதால் ஜனங்கள் அவரை வெகுகாலம் கூப்பிடாமலே இருந்தார்கள் என்றும், அதனால் யாரும் கைவிட்ட கேஸ்களை அவர் ஆசையாக எடுத்துக்கொள்வார் என்றும் கோவில்பிள்ளை சொல்வார்.

"ஏம்மா இங்க?" என்று சின்னவன் கேட்டான்.

"அந்தோணியார்கிட்டப் போனா, தேடினாக் கிடைக்கும்னு நம்பிப் போறோம். இவர்கிட்ட வர்றவங்க கிடைக்காதுன்னு தெரிஞ்சே வர்றாங்க" என்றாள் அம்மா. அதைச் சாதாரணமாக, பேருந்து மாறி ஏறுவதைச் சொல்வது போலச் சொன்னாள்.

அன்றைக்கு வீடு வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். மாடிப்படியில் அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். இந்த நெஞ்சு இதைத் தாங்குமா என்று நினைத்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணனிடம் சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலும் மூன்று வருஷம் ஓட்டினான்.

பதினோராவது வருஷம் ஒரு நாள் அம்மா மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு சூசையப்பர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நிற்க முடியாது இப்போது. சூசையப்பர் இயேசுவை வளர்த்த தச்சர், உழைப்பாளிகளுக்குப் பாதுகாவலர், அவ்வளவுதான் சின்னவனுக்குத் தெரியும். தன் வேலைக்காக வேண்டுகிறாளோ என்று நினைத்துக் கோவில்பிள்ளையிடம் கேட்டான். கோவில்பிள்ளைக்கும் வயதாகியிருந்தது, மெழுகுவர்த்திகளை அடுக்கிக்கொண்டே, நல்ல மரணத்துக்கும் அவர்தான் என்று சொன்னார்.

அம்மாவிடம் போனான்.

"அவர் சாகறப்ப மகன் பக்கத்துல இருந்தாரு" என்றாள் அம்மா, சுரூபத்தைப் பார்த்தபடி. "எனக்கு அது போதும்."

"நான் இருக்கேன்லம்மா."

"நீ இருக்கே. நீ எப்பவும் இருக்கே" என்று அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் அலுவலகம் போனதும் இழுப்பறையைத் திறந்து, அண்ணன் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை. விரைவுத் தபால் அனுப்பினான். விலாசதாரர் இல்லை என்ற முத்திரையோடு ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எட்டு வருஷமாகத் தன் பூட்டுக்குள் இருக்கிறான் என்று நினைத்திருந்த அண்ணன் உண்மையிலேயே காணாமல் போயிருந்தான். அந்தோணியாரே என்று வாயில் வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்று பாதியில் நிறுத்திக்கொண்டான்.

லீவு போட்டுவிட்டு ஆறு மணி நேரம் பயணம் செய்து அந்த ஊருக்குப் போனான். பழைய விலாசத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள், "குழாய்க்காரரா? பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நாலு வருஷம் ஆச்சே" என்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இரும்புச் சாமான் கடையில் கேட்டான். கடைக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தைக் கை காட்டினார். சமையலறையில் தொட்டி அடைத்துக்கொண்டு காலையிலிருந்து ரகளை, அங்கேதான் இருப்பார் என்றார்.

சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரப்பர் செருப்பு, முட்டி வரை சுருட்டிய கால்சட்டை. சின்னவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அண்ணா."

உள்ளே திருகுச்சாவியின் சத்தம் நின்றது. "அம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டான் அண்ணன், வெளியே வராமலே.

"இல்ல. இருக்காங்க. உன்னைப் பாக்கணுங்கிறாங்க."

"மனசு மாறிடுச்சா?"

சின்னவன் அந்தக் கால்களைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். அம்மா மனசு மாறி ஒன்பது வருஷம் ஆகிறது, நீ முதலில் பேசியபோதே மாறித்தான் இருந்தது, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உன்னைக் கேட்டுக் கோவிலுக்குப் போனாள், நான்தான் கூட்டிப்போனேன், உன் கடிதம் ஒன்றைக்கூட அவளிடம் காட்டவில்லை. சொல்லி முடித்தபோது கால்சட்டை முழுக்க நனைந்திருந்தது.

திருகுச்சாவி மறுபடியும் திரும்பியது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. அண்ணன் அந்த மரையைக் கடைசி வரைக்கும் இறுக்கி முடித்த பிறகுதான் வெளியே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. துணியில் கையைத் துடைத்தான்.

"ஏன்டா?" என்றான்.

"அவங்க எனக்கு மட்டும் இருந்தாங்க" என்றான் சின்னவன்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. தண்ணீரைத் திறந்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். தன்னோடு வீட்டுக்கு வரச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தான். ஏழு வயதுப் பெண்; முன்பல் இரண்டு இல்லை. அவன் மனைவி வரவில்லை. மாமியாரைப் பார்க்கத் தனக்கு மனத்தடை ஒன்றுமில்லை, உங்கள் தம்பி முகத்தைப் பார்க்கத்தான் நாளாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதைப் பெரியவன் மறைக்காமல் படிக்கட்டிலேயே சொன்னான்.

சின்னவன் முன்கூட்டியே அம்மாவைத் தயார் செய்துவைத்திருந்தான். அண்ணன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, போய்ப் பார்த்தேன், வருகிறான் என்று மட்டும் சொல்லியிருந்தான். அம்மா காலையிலிருந்து கட்டிலில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவன் உள்ளே வந்து கட்டிலருகே முழங்காலிட்டான். அவள் முதலில் அவன் கையைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

"கையெல்லாம் ஏன்டா இப்படி இருக்கு?"

"குழாய் வேலைம்மா."

"லத்தீன் படிச்ச கை" என்றாள். பிறகு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பேத்தி வந்து மூலையில் நின்றது. அம்மா அதைப் பக்கத்தில் கூப்பிட்டு, பல் எங்கே என்று கேட்டாள். விழுந்துவிட்டது என்றது பிள்ளை. அப்போலோனியம்மாளிடம் சொல்லி வேறு வாங்கித் தருகிறேன் என்றாள் அம்மா. பதினொரு வருஷத்தில் அவள் அப்படிப் பேசிச் சின்னவன் கேட்டதில்லை.

தேநீர்த் தட்டோடு அவன் அறைவாசலில் வந்து நின்ற நேரத்தில்தான் அவள் அதைக் கேட்டாள்.

"ஒரு வரி எழுதிப் போடணும்னு உனக்குத் தோணலையாடா? அம்மா அன்னிக்குக் கோவத்துல சொன்னது."

பெரியவன் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தான். அவன் சொல்லட்டும் என்று இடம் விட்டுக் காத்திருந்தான். சின்னவன் உள்ளே வந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"பயமா இருந்துச்சும்மா" என்றான் பெரியவன்.

"மடையா. தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவன் சொல்லியிருப்பானே."

பெரியவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அம்மா அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். பெரியவன் வாராவாரம் வந்தான். கடைசிப் பத்து நாள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கினான். அந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரே கவலை அந்தோணியாரைப் பற்றித்தான். அவரைச் சந்தேகப்பட்டுவிட்டேன், காது கேட்கவில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன் என்று மறுபடி மறுபடி சொன்னாள். அவர் பீடத்துச் சுவரில் நன்றிக்கல் ஒன்று பதிக்க வேண்டும் என்று சின்னவனிடம் கேட்டுக்கொண்டாள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டான். "கேட்டதைக் கண்டுபிடித்துத் தந்தவருக்கு நன்றி, ஒரு தாய்" என்றாள்.

இன்னொரு நாள் காலையில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நெற்றியில் சிலுவை போட்டாள். "மழைன்னு பாக்காம வெயில்னு பாக்காம கூட்டிட்டுப் போனே. அந்தக் காலுக்காகத்தான் அவர் மனசு இரங்கியிருப்பார்" என்றாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் சின்னவன். இந்த முறை உண்மையாகவே சொல்லத்தான் வாயெடுத்தான்.

அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. நாளைக்குச் சொல்லு, இப்போது தூக்கம் வருகிறது என்றாள். மறுநாள் அவளுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை மத்தியானம் பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, மூச்சு நின்றது. சின்னவன் அப்போது முனையத்தில், குடை தேடி வந்த ஒருவருக்குக் கறுப்புக் குடைகளாக எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். செய்தி வந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முகத்தைத் துடைத்துப் படுக்கவைத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணனை வண்டியேற்றிவிடப் போனான். பிள்ளை முன்னால் ஓடி இடம் பிடித்துக்கொண்டது. சின்னவன் கேட்க நினைத்ததை அண்ணனே எடுத்தான்.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணும்னு பாக்குறே. இப்பக் கேக்காதே. கேட்டா இல்லைன்னுதான் சொல்வேன். கேக்காம விட்டுட்டா, என்னிக்காவது வரலாம்."

"அம்மாகிட்ட நீ ஏன் சொல்லல?"

"அவங்களுக்கு இருந்ததே கொஞ்ச நாள். அதுல ஒரு பிள்ளையைக் குடுத்துட்டு இன்னொரு பிள்ளையைப் பிடுங்கவா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏறிக்கொண்டான்.

சின்னவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டுப் பாவப்பொறுத்தல் கொடுத்தார். முழங்காலிலிருந்து எழுந்தபோது, உள்ளே போகுமுன் இருந்த பாரம் அப்படியே இருந்தது. கடவுள் கணக்கில் தீர்ந்துவிட்டது என்பதை அவன் நம்பினான். அம்மாவிடம் தீர்க்க இனி வழியில்லை. நன்றிக்கல்லை அவள் சொன்ன வாசகத்தோடே செய்யக் கொடுத்தான். கொத்தனார் பதிக்கும்போது கூட நின்றான். அந்தப் பீடத்தின் முன்னால் நின்று அவன் வேறு எதுவும் வேண்டவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் பழி விழ நான்தான் காரணம் என்று மட்டும் சொன்னான்.

மாதம் ஒரு கடிதம் அண்ணனுக்கு எழுதினான். பதில் வராது. ஒரு தடவை மட்டும், பல் முளைத்துவிட்டது என்று பிள்ளையின் கையெழுத்தில் ஓர் அட்டை வந்தது. வருஷம் திரும்பும் சமயத்தில் அண்ணனே தொலைபேசியில் கூப்பிட்டான். அம்மாவின் நினைவுப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஏழரைக்கு என்று சின்னவன் சொன்னான். வீட்டுக்கு வந்துவிட்டுப் போகலாமே என்று சேர்த்தான்.

"பாக்கலாம்" என்றான் அண்ணன்.

பூசைக்கு வந்தான். மனைவியும் வந்திருந்தாள், சின்னவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நால்வரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். பிள்ளை நடுவில் உட்கார்ந்து, எழுந்திருக்க வேண்டிய இடங்களில் அப்பாவையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்து எழுந்தது. பூசை முடிந்ததும் அவர்களுக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றான் அண்ணன். சின்னவன் வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்து வைத்திருந்தான். அதைச் சொல்லாமல், வாசல் வரைக்கும் கூடவே போய் அவர்களை அனுப்பிவைத்தான்.